உப்புக் காற்றும் வீட்டு ஏ.சி.யும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

2024 ஜனவரியில், நவி மும்பையை அடுத்த உரண் வரையிலான ரயில் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டு, அதே நாளில் மும்பையிலிருந்து அப்பக்கம் செல்லும் கடல் பாலமான அடல் சேதுவும் தொடங்கி வைக்கப்பட்ட பிறகு, செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் வாழ்ந்த நம் வாசகர்களில் சிலர் அந்தச் சிறு கடலோர ஊரில் வீடு வாங்கிக் குடியேறியிருப்பது இம்மாதக் கடிதங்களிலிருந்து தெரிகிறது. துறைமுகப் பணிக்காக முன்பிருந்தே அங்கு வசிப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். கேள்விகளில் பெரும்பாலானவை ஏ.சி., கீசர், அவற்றைப் பழுதுபார்ப்பவர்கள் ஆகியவற்றைப் பற்றியவை என்பதால் இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: செம்பூரில் பல ஆண்டுகள் குறையின்றி ஓடிய எங்கள் ஸ்ப்ளிட் ஏ.சி.யை உரண் அருகே துரோணகிரியில் வாங்கிய வீட்டுக்குக் கொண்டு வந்து பொருத்தினோம். இங்கு வந்த பிறகு ஒவ்வொரு கோடையிலும் குளிர் குறைகிறது. மெக்கானிக் வருகிறார், காஸ் குறைந்துவிட்டது என்று சொல்லி நிரப்பிவிட்டுப் போகிறார், அடுத்த கோடையில் மீண்டும் அதே கதை. குறை இயந்திரத்திலா, மெக்கானிக்கிடமா, ஊரிலா?
— வாசகர், துரோணகிரி

பதில்: மூன்றிலும் இருக்கிறது என்றாலும், தொடக்கம் ஊரில்தான். உரணின் ஒரு பக்கம் மும்பைத் துறைமுகக் கடல், மறுபக்கம் கரஞ்சா கழி, இடையில் உப்பளங்களும் சதுப்பு நிலமும். செம்பூரும் கடலுக்குத் தொலைவில் இல்லை என்றாலும், அங்கு உங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையே எத்தனையோ கட்டடங்கள் நின்று காற்றைத் தடுத்திருக்கும். துரோணகிரியில் திறந்த வெளி அதிகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் பருவக்காற்று கடலின் நுண்துளிகளை அள்ளி வந்து சுவரிலும் கம்பியிலும் உங்கள் அவுட்டோர் யூனிட்டின் மீதும் படியவைக்கிறது.

அந்த யூனிட்டின் உள்ளே பெரும்பாலான வகைகளில் செப்புக் குழாய்களும் அவற்றைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடுகளும் ஒன்றையொன்று இறுகத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொட்டிருக்க, மேலே உப்பு ஈரம் படிந்தால் அங்கே மின்வேதி அரிப்பு தொடங்குகிறது. அரிபடுவது அலுமினியம். தகடுகள் வெண்பொடியாகி உதிரும்போது வெப்பத்தை வெளியேற்றும் பரப்பு குறைகிறது, கம்ப்ரஸர் அதிக அழுத்தத்தில் உழைக்கிறது, மின்கட்டணம் ஏறுகிறது, குளிர் மட்டும் குறைகிறது. எனவே குளிர் குறைந்தாலே காஸ் குறைந்துவிட்டது என்று பொருளல்ல. வெளியிலிருக்கும் தகடுகள் அடைபட்டோ அரிக்கப்பட்டோ இருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும்.

காஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால் அது எங்கோ கசிந்திருக்க வேண்டும். ஏ.சி. என்பது மூடிய சுற்று. பெட்ரோலைப் போல அதில் காஸ் செலவாவதில்லை. சரியாகப் பொருத்திய இயந்திரம் பல ஆண்டுகள் முதலில் நிரப்பிய காஸிலேயே ஓட வேண்டும். கசிவை அடைக்காமல் மேலும் மேலும் நிரப்புவது வாடிக்கையாளரின் பணத்தைக் காற்றில் விடுவதாகும் என்பதோடு, புதிய ஏ.சி.கள் பலவற்றில் நிரப்பப்படும் ஆர்-32 என்ற வாயு வெளியேறினால், அது அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல 675 மடங்கு புவியைச் சூடாக்க வல்லது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆகவே அடுத்த முறை மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது, எவ்வளவு காஸ் போடுவீர்கள் என்பதல்ல, கசிவை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்பது. முறையான வேலை இப்படி நடக்கும்: எஞ்சிய காஸை மீட்டெடுத்த பிறகு குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தத்தோடு செலுத்தி, இணைப்புகளிலும் வளைவுகளிலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். கசிந்த இடத்தைப் பற்றவைத்தோ, குழாய்களை இணைக்கும் ஃப்ளேர் நட்டைப் புதிதாக அமைத்தோ சரிசெய்வார். மீண்டும் நைட்ரஜன் ஏற்றி, அழுத்தமானி இறங்காமல் நிற்கிறதா என்று காத்திருப்பார். அதன் பிறகு வாக்குவம் பம்பினால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பார். கடைசியில், இயந்திரத்தின் பெயர்ப்பலகையில் எழுதியுள்ள அளவைத் தராசில் நிறுத்து நிரப்புவார். இது அரை நாள் வேலை. பத்து நிமிடத்தில் காஸ் ஏற்றிவிட்டுப் போவது அந்த வேலையே அல்ல.

அழுத்தச் சோதனைக்கு நைட்ரஜனுக்குப் பதிலாக வெல்டிங் ஆக்ஸிஜனைப் பயன்படுத்த ஒருவர் முனைந்தால் அங்கேயே தடுத்து நிறுத்துங்கள். கம்ப்ரஸர் எண்ணெயோடு ஆக்ஸிஜன் சேர்ந்தால் வெடிக்கும். ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடியது என்பதால், காஸ் உள்ளே இருக்கும்போது குழாயில் நெருப்புக் காட்டவும் கூடாது.

இன்னொன்று. கசிவு இண்டோர் யூனிட்டில் இருக்குமானால் உப்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. புதுப் பெயிண்ட், பிளைவுட் பசை, வினிகர் கலந்த துடைப்பு நீர் ஆகியவற்றிலிருந்து வரும் கரிம அமில ஆவிகள் செம்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை ஏற்படுத்துகின்றன. கழிவுநீர் தேங்கிய கழிகளின் அருகே எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் செம்பைக் கருக்கி அரிக்கும். புது வீட்டில் மரவேலை முடிந்தவுடன் சில வாரங்களுக்கு ஜன்னல்களைத் திறந்துவைத்து, அதன் பிறகு ஏ.சி.யைப் பொருத்துவது நல்லது.

கேள்வி: அவுட்டோர் யூனிட்டை மழையில் நனையாமல் சஜ்ஜாவுக்கு (ஜன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் மழைத்தடுப்புக்கு) கீழே வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டில் திறந்தவெளியில் இருப்பதைவிட எங்களுடையதுதான் முதலில் துருப்பிடித்தது. இது எப்படி?
— வாசகி, உரண்

பதில்: நீங்கள் கவனித்தது முற்றிலும் சரியானது, கடலோரத்தில் பலர் கவனிக்கத் தவறும் உண்மையும் இதுவே. திறந்த வெளியில் உள்ள யூனிட்டின் மேல் படியும் உப்பை ஒவ்வொரு மழையும் கழுவிவிடுகிறது. சஜ்ஜாவுக்குக் கீழே உப்பு வந்து சேர்கிறது, மழை வருவதில்லை. மழைக்காலத்து ஈரக்காற்று அந்த உப்பை நனைத்தபடியே வைத்திருக்கிறது. எனவே மழை செய்யாத வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தோட்டக் குழாயின் மெல்லிய வேகத்தில், நல்ல தண்ணீரால், தகடுகளின் இடுக்குகள் முழுதும் நனையும்படி மாதம் ஒருமுறை கழுவுங்கள். கடலை நேராகப் பார்க்கும் சுவராக இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மின்சுற்றுப் பலகை இருக்கும் பக்கம் தண்ணீர் பீச்ச வேண்டாம். உப்புக் கரிக்கும் போர்வெல் நீரால் கழுவுவது பயனற்றது. அழுக்கு சீக்கிரம் போகும் என்று சிலர் கொண்டுவரும் அமிலக் கரைசல், தகட்டைக் காக்கும் நீலப் பூச்சையும் சேர்த்துக் கொண்டு போய்விடும், அதை அனுமதிக்காதீர்கள். வேகமான பிரஷர் பம்பும் தகடுகளை மடக்கிவிடும்.

தாங்கும் ஸ்டாண்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லியே ஆக வேண்டும். சாதாரண இரும்புக் கோணத்துக்குப் பெயிண்ட் அடித்துச் செய்யும் ஸ்டாண்டு உப்புக் காற்றில் உள்ளிருந்தே இற்றுப் போகும், வெளியே பெயிண்ட் மட்டும் பளபளப்பாகத் தெரியும். முப்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு பெட்டி, கீழே குழந்தைகள் விளையாடும் முற்றத்துக்கு மேலே தொங்குகிறது. துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்டாண்டு, அதே தரத்தில் போல்ட்டு, நட்டு ஆகியவற்றுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகையைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஜன்னலுக்கு வெளியே இறங்கி வேலை செய்பவர் இடுப்புப் பெல்ட்டும் கயிறும் அணியாமல் இறங்குவதை எந்த வீட்டாரும் அனுமதிக்கக் கூடாது. அவசரம் என்று அவர் சொன்னாலும் சரி.

கேள்வி: டெல்லியிலிருந்து மாற்றலாகி வருகிறோம். எங்களிடம் பெரிய ஏர் கூலரும், குளிர்காலத்துக்கான ஆயில் ஹீட்டரும் உள்ளன. உரணில் இரண்டும் பயன்படுமா? வெப்பமும் தரும் ஏ.சி. வாங்கலாமா?
— வாசகர், ஆர்.கே.புரம், டெல்லி

பதில்: இரண்டையும் அங்கேயே விற்றுவிட்டு வாருங்கள். தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால்தான் கூலர் குளிர்விக்கிறது. டெல்லியின் மே மாதத்தில் 42 டிகிரி வெப்பமும் 15 சதவீத ஈரப்பதமும் இருந்தால் கூலர் கொள்கையளவில் 22 டிகிரி வரை இறக்க முடியும். கடலோரத்தில் 33 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் இருக்கும் ஒரு மாலையில் அந்த எல்லை 28 டிகிரிக்குச் சற்று மேலே நின்றுவிடுகிறது. நடைமுறையில் அதுவும் கிடைக்காது; அறைக்குள் புழுக்கமும் பூஞ்சையும்தான் மிஞ்சும். ஹீட்டருக்கும், வெப்பம் தரும் ஏ.சி.க்கும் இந்தக் கரையில் தேவையே இல்லை. டிசம்பர், ஜனவரி இரவுகளுக்கு ஒரு போர்வை போதும். இங்கு வெப்பம் வேண்டியது குளிக்கும் நீருக்கு மட்டுமே.

கேள்வி: அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரோடு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுவதா, ஊரில் உள்ள கடைக்காரரை நம்புவதா?
— வாசகி, உரண்

பதில்: உத்தரவாதக் காலம் முடியும்வரை நிறுவனத்தின் ஆளையே அழையுங்கள், இல்லையெனில் உத்தரவாதம் செல்லாமல் போகலாம். அதன் பிறகு, நல்ல உள்ளூர்க் கடைக்காரர் கிடைத்தால் அவரையே நான் தேர்ந்தெடுப்பேன். வாஷியிலிருந்தோ பன்வேலிலிருந்தோ ஒருவர் வந்து சேர்வதற்குள் உங்கள் ஊர்க்காரர் வேலையை முடித்துவிடலாம் என்பது ஒரு காரணம். எந்தக் கட்டடத்தின் எந்தச் சுவரில் காற்று எப்படி அடிக்கிறது, எந்த வகை இயந்திரம் இந்த உப்பில் எத்தனை காலம் தாங்கியது என்பதை ஆண்டுக்கணக்காகப் பார்த்தவர் அவர் என்பதே அதைவிடப் பெரிய காரணம். இந்த அறிவு எந்தக் கையேட்டிலும் இல்லை.

ஆனால் நல்லவரை எப்படி அறிவது? வாக்குவம் பம்பும் எடைத் தராசும் சொந்தமாக வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். மாற்றிய பழைய உதிரிபாகத்தைக் கேட்காமலே உங்கள் கையில் கொடுக்கிறாரா, செய்த வேலையைத் தாளில் எழுதித் தருகிறாரா என்று கவனியுங்கள். போனில் கேட்டவுடனே காஸ்தான் என்று தீர்ப்புச் சொல்பவரைவிட, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பவர் மேல். ஒப்பந்தம் போடுவதானால், அதில் காஸ், கம்ப்ரஸர், பிசிபி என்னும் மின்சுற்றுப் பலகை ஆகியவை அடங்குமா என்பதோடு, துருவாலும் அரிப்பாலும் காயில் (குழாயும் தகடுகளும் சேர்ந்த பகுதி) கெட்டால் யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். எல்லாம் அடங்கும் என்ற பெயரில் வரும் ஒப்பந்தங்களிலும் அரிப்பு விலக்கப்பட்டிருக்கக் கூடும். கடலோரத்தில் வசிப்பவருக்கு அந்த ஒரு வரிதான் ஒப்பந்தத்தின் உயிர்.

கேள்வி: எங்கள் பழைய ஏ.சி. ஆர்-22 காஸில் ஓடுகிறது. அதிலேயே புது காஸை மாற்றி ஊற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
— வாசகர், ஆண்டாப் ஹில், மும்பை

பதில்: கூடாது. ஆர்-32 வாயுவின் அழுத்தம் ஆர்-22ஐவிட மிக அதிகம்; பழைய கம்ப்ரஸரும் குழாயும் எண்ணெயும் அதற்காகச் செய்யப்படவில்லை. ஹைட்ரோகார்பன் கலவையை ஊற்றினால், தீக்காப்பு இல்லாமல் வடிவமைக்கப்பட்ட பெட்டிக்குள் எளிதில் தீப்பற்றும் வாயுவை அடைத்து வைத்தது போலாகும். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் கையெழுத்தான மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி ஆர்-22 போன்ற வாயுக்களை இந்தியா 2030க்குள் ஏறக்குறைய முழுவதுமாகக் கைவிட வேண்டும். இயந்திரம் ஓடும்வரை ஆர்-22ஐக் கொண்டே பராமரியுங்கள், காயில் கசியத் தொடங்கியதும் புதியது வாங்குங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் 24 டிகிரியில் வைத்தாலும் அறை பிசுபிசுக்கிறது. சிறிய படுக்கையறைக்குத் தாராளமாக இருக்கட்டும் என்று 1.5 டன் வாங்கினோம். அலமாரியில் துணிகளெல்லாம் பூஞ்சை பிடிக்கின்றன.
— வாசகி, நெரூல், நவி மும்பை

பதில்: அந்தத் தாராளம்தான் காரணம். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) வெப்பத்தை வெளியேற்றும் திறன். சிறிய அறைக்குப் பெரிய இயந்திரம் வைத்தால் சில நிமிடங்களில் வெப்பநிலை இறங்கிவிடும், கம்ப்ரஸர் நின்றுவிடும், காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த காயிலில் நீராகி வடிவதற்கு நேரமே இருக்காது. இன்வெர்ட்டர் வகைகளில் இக்குறை குறைவு, ஆனால் முற்றிலும் இல்லாமல் இல்லை. மழைக்காலத்தில் ரிமோட்டில் டிரை என்ற நிலையில் வையுங்கள். அப்போது விசிறி மெதுவாகச் சுழன்று ஈரம் அதிகமாக வடியும். டிரெயின் பைப் அடைபடாமல் சரிவாக இறங்குகிறதா என்றும் பாருங்கள்.

24 டிகிரியை விட்டுவிடாதீர்கள். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியுள்ள அறை ஏ.சி.கள் எல்லாம் அந்த வெப்பநிலையில்தான் தொடங்க வேண்டும் என்று விதி செய்ததற்குக் காரணம், ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்ற எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. கூடவே மின்விசிறியை ஓடவிட்டால் 26 கூடச் சுகமாக இருக்கும். வாங்கும்போது பார்க்கும் நட்சத்திரக் குறியீட்டில் உள்ள ஆண்டு யூனிட் கணக்கு 1,600 மணி நேரப் பயன்பாட்டுக்கானது. நம் கடலோரத்தில் அதைவிட அதிக நேரம் ஓட்டும் வீடுகள் பல உண்டு என்பதால், கூடுதல் நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் விலை இங்கே விரைவாகவே திரும்பி வரும்.

கேள்வி: டேங்கர் நீரையும் போர்வெல் நீரையும் கலந்து பயன்படுத்துகிறோம். கீசர் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓட்டையாகிவிடுகிறது. காஸ் கீசருக்கு மாறலாமா?
— வாசகர், உரண்

பதில்: கீசர் தொட்டிக்குள் மெக்னீசியத்தால் ஆன ஒரு தண்டு இருக்கிறது. நீரிலுள்ள உப்பு தொட்டியின் இரும்பை அரிப்பதற்குப் பதிலாக அந்தத் தண்டை அரித்துத் தீர்க்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அது தீர்ந்த நாளிலிருந்து தொட்டி அரிபடத் தொடங்கும். உப்பு மிகுந்த நீரில் அது ஓராண்டிலேயே கரைந்துபோகலாம். அதற்கான செலவு மிகக் குறைவு என்றாலும், யாரும் கேட்பதில்லை என்பதால் யாரும் மாற்றுவதுமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை தண்டைக் கழற்றிப் பார்க்கவும், ஹீட்டிங் எலிமெண்ட்டில் படிந்த சுண்ணாம்பை நீக்கவும் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட்டை 55 டிகிரிக்கு மேல் வைக்காவிட்டால் சுண்ணாம்பு படிவதும் குறையும். 25 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 0.9 யூனிட் மின்சாரமும், 2 கிலோவாட் கீசரில் அரை மணிக்குச் சற்றுக் குறைவான நேரமும்தான் ஆகும். எனவே நாள் முழுதும் ஆன் செய்து வைக்க வேண்டியதில்லை.

காஸ் கீசரைக் குளியலறைக்குள் பொருத்தாதீர்கள். எரியும்போது அது அறையின் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கிறது. காற்றோட்டம் போதாவிட்டால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்து, குளித்துக்கொண்டிருப்பவர் மயங்கி விழுவதற்கு முன் எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. மின் கீசருக்கோ எர்த் இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டால் 30 மில்லி ஆம்பியரிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் கட்டாயம். கடலோர வீடுகளில் எர்த் கம்பியின் இணைப்பே துருப்பிடித்து அறுந்திருக்கக்கூடும் என்பதால், எலெக்ட்ரீஷியனை அழைத்து ஆண்டுதோறும் அளந்து பாருங்கள்.

கேள்வி: ஐயா, என் மகன் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். ஏ.சி. மெக்கானிக் வேலை கற்று, உரணில் இருக்கும் அவன் மாமாவின் கடையில் சேர விரும்புகிறான். உறவினர்கள் இதை மதிப்பில்லாத வேலை என்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?
— ஒரு தாய், தாராவி

பதில்: அம்மா, மேலே உள்ள கேள்விகளை உறவினர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். இயற்பியலும் வேதியியலும் மின்னியலும் கைத்திறனும் ஒருங்கே வேண்டப்படும் வேலை இது. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட இந்தியக் குளிர்வித்தல் செயல்திட்டம் ஒரு லட்சம் சர்வீஸ் தொழில்நுட்பப் பணியாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் அளிக்க இலக்கு வைத்தது, திறமையானவர்களின் தேவை அத்தகையது.

ஆனால் நேராக மாமாவின் கடைக்கு அனுப்பாதீர்கள். முதலில் ஐ.டி.ஐ.யில் குளிர்பதன, ஏ.சி. தொழில்நுட்பப் பிரிவில் இரண்டாண்டு படிக்கட்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். விடுமுறையில் மாமாவிடம் கைவேலை பழகட்டும். மார்ச் முதல் ஜூன் வரை மூச்சுவிட நேரமில்லாமலும், மழை தொடங்கியதும் வருமானம் குறைந்தும் இருக்கும் தொழில் இது என்பதை இப்போதே சொல்லி வையுங்கள். மழைக்காலத்தில் துருப்பிடித்த ஸ்டாண்டு மாற்றுவதையும், குளிர்காலத்தில் கீசர் வேலையையும் கற்றுக்கொண்டால் உரண் போன்ற ஊரில் ஆண்டு முழுவதும் வேலை இருக்கும். மராத்தி சரளமாக வர வேண்டும், கணக்குப் புத்தகம் எழுதத் தெரிய வேண்டும். வாக்குவம் பம்பும் தராசும் தொடக்கத்தில் மாமாவுடையதைப் பயன்படுத்தலாம். பாதுகாப்பு பெல்ட்டை மட்டும் முதல் நாளே, அவனுடைய உடலளவுக்குப் பொருந்தும்படி, நீங்களே வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.